ஊசியும் பள்ளிக்கூட வாசலும்

ஃபூக்கோவைப் படித்த தலைமுறை நாம். ஊசின்னா அதிகாரம், பள்ளிக்கூடம்னா சிறை, ஆஸ்பத்திரின்னா கண்காணிப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். சொன்னதில் தப்பில்லை, அன்றைக்கு அது தேவையாகவும் இருந்தது. ஆனால் 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத் தலைமை மருத்துவ அதிகாரி, பள்ளியில் சேரத் தடுப்பூசி கட்டாயம் என்கிற விதிகள் அத்தனையையும் ஒழிக்கப்போவதாக அறிவித்தார். அவற்றை அடிமைத்தனத்தோடு சேர்த்துப் பேசினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் உடல், என் உரிமை, அரசே தள்ளி நில்: எல்லாம் நம்ம சொற்கள். வலதுசாரி வாயில் இவ்வளவு சுலபமாக உட்கார்ந்துகொள்ளும்படி இவற்றில் நாம் எதைக் கவனிக்காமல் விட்டோம்?

ஃபூக்கோவிடமே திரும்பிப் போகலாம். 1978 ஜனவரியில் பாரிஸில் நிகழ்த்திய உரைகளில் அவர் மூன்று நோய்களை மூன்று அதிகார வடிவங்களோடு இணைத்துப் பேசுகிறார். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளுவது ஒன்று. பிளேக் வந்த ஊரைக் கட்டம் கட்டி, வீடு வீடாகக் கண்காணிப்பது இன்னொன்று. பெரியம்மையில் மூன்றாவது வருகிறது: எத்தனை பேருக்கு வரும், எத்தனை பேர் சாவார்கள், அம்மை குத்தினால் எவ்வளவு குறையும் என்று மக்கள்தொகையைக் கணக்குப் பார்ப்பது. நம்மில் பலர் பிளேக்கோடு நின்றுவிட்டோம். கணக்குன்னாலே ஏமாற்றுவேலை என்று ஒரு நினைப்பு.

டெக்ஸார்கானா என்ற ஊரின் நடுவே இரண்டு மாநிலங்களின் எல்லை ஓடுகிறது. அர்க்கன்சாஸ் பக்கம் பள்ளியில் சேரத் தட்டம்மைத் தடுப்பூசி கட்டாயம். டெக்ஸாஸ் பக்கம் அப்போது அப்படிச் சட்டம் இருக்கவில்லை. 1970-71இல் தட்டம்மை பரவியபோது 600க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் டெக்ஸாஸ் பக்கம். ஜனங்கள் கலந்து பழகுகிற ஒரே ஊர், நடுவில் ஒரு சட்டம்தான் வித்தியாசம். இதையும் சொல்லாடல் என்று கட்டுடைக்க எனக்குக் கை வரவில்லை.

அதற்காக வாசலில் நடப்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. கணக்கு பெரியம்மையினுடையது, வாசலில் நடப்பதோ தொழுநோய்க்காரனைத் தள்ளிவைத்த வேலை. 1977இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஊசிச் சான்று இல்லாத சுமார் 50,000 பிள்ளைகளை வெளியே நிறுத்தினார்கள். பெரும்பாலோர் சில நாட்களில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள். திட்டம் வெற்றி என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைக்கிறார்கள். எனக்கு மீதிப் பேர்தான் முக்கியம். அரைநாள் கூலியை விட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போக முடியாத அம்மாவின் பிள்ளைக்கும் அதே கதவுதான். ஆனால் அதே கலிஃபோர்னியாவில், எனக்கு இதில் நம்பிக்கையில்லை என்று தாள் கொடுத்த பெற்றோரின் பிள்ளை 2016 வரை ஊசியில்லாமலே உள்ளே போக முடிந்தது. கொள்கை உள்ளவனுக்கு வழி உண்டு, வசதி இல்லாதவனுக்கு இல்லை. நான் கட்டாயத்துக்கு எதிரி இல்லை. ஊசியை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோன பிறகு அரசு பள்ளி வாசலில் நின்று சான்று கேட்கட்டும் என்கிறேன். அதற்கு முன்னால் கேட்டால் அது சுகாதாரம் இல்லை, வடிகட்டல்.

நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்கவே இல்லை. 1905இல் ஜேக்கப்சன் வழக்கில் அம்மை குத்திக்கொள்ள மறுத்த பாதிரியாருக்குக் கிடைத்த தண்டனை 5 டாலர் அபராதம். மறுத்தவரே கட்ட வேண்டியது. 1922இல் ஸுக்ட் வழக்கில் சான் அன்டோனியோ நகரத்துப் பெண்ணொருத்தி அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டிலிருந்தும் வெளியே நிறுத்தப்பட்டதை உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. இப்போது தண்டனை பெரியவர் பையிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு மாறிவிட்டது. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

அடுத்தது 1927. வர்ஜீனியாவில் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணை, மந்தபுத்திக்காரி என்று முத்திரை குத்தி, கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குக் காட்டிய முன்னுதாரணம் ஜேக்கப்சன் வழக்கு! தடுப்பூசிக்குப் பொருந்துகிற கொள்கை கருக்குழாயை வெட்டுவதற்கும் பொருந்தும் என்றார் நீதிபதி ஹோம்ஸ். நெருக்கடிநிலைக் காலத்துக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத பாஷை அல்ல. ஆனால் ஊசி ஒரு தொற்றை நிறுத்துகிறது, ஏழ்மை தொற்றுநோய் இல்லை. அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டுத்தான் ஹோம்ஸ் எழுதினார். எல்லாக் கட்டாயமும் ஒன்றே என்று பேசுகிற நாமும் மறுபக்கத்திலிருந்து அதையே அழிக்கிறோம்.

மந்தபுத்தியின் மூன்றாம் தலைமுறை என்று அந்தத் தீர்ப்பு கணக்கில் சேர்த்துக்கொண்டது கேரியின் மகள் விவியனை. அப்போது அவள் சின்னக் குழந்தை. பிறகு பள்ளிக்கூடம் போனாள், நன்றாகவே படித்தாள், ஒரு பருவத்தில் சிறந்த மாணவர் பட்டியலிலும் அவள் பெயர் இருந்தது. 1932இல், எட்டு வயதில், தட்டம்மை வந்து, அதைத் தொடர்ந்த குடல் நோயில் செத்துப்போனாள். தட்டம்மைக்குத் தடுப்பூசி 1963இல்தான் வந்தது.