பிழையும் பெயரும்
மாரியோ விளையாட்டுக்களின் மறைபொருள் பற்றி ஒரு நோக்கு

ஒரு படைப்பின் சிறப்பை அதன் நிறைவிலே காண்பது விமர்சனத்தின் பொது வழக்கு. ஆயின், அதன் குறையிலும் சிறப்பொன்று பொதிந்திருத்தல் கூடும். ஏடெழுதுவோர் செய்த பிழைகள் பாடபேதங்களாக நிலைபெற்றமையையும், அவற்றுக்கு உரையாசிரியர் நயம் கண்டமையையும் தமிழ் மாணவர் நன்கறிவர். எழுதியவன் கருதாத ஒன்றை வாசிப்பவன் கண்டெடுக்கும்பொழுது அப்பொருள் யாருக்குரியது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவை இலக்கியத்திற்குப் புறத்தேயுள்ள ஒரு துறையில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி. ஜப்பானிய நிறுவனமான நின்டென்டோ 1985 முதல் வெளியிட்டுவரும் சூப்பர் மாரியோ விளையாட்டுத் தொடரே ஈண்டு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள். விளையாட்டினை விமர்சிப்பது வீண்வேலை என்பார்க்கு ஒன்று கூறலாம்: நாட்டார் பாடலையும் கூத்தினையும் ஏட்டிலேற்றத் தகாதனவென ஒதுக்கிய காலமும் நம்மிடையே இருந்தது.

இவ்விளையாட்டு மலையகச் சிறுவரிடம் வந்து சேர்ந்த வகையையும் முதலிற் குறிப்பிடுதல் வேண்டும். அது அதன் அசல் உருவில் வரவில்லை. அட்டன் கடைகளில் வாங்கிய, பெயரறியாத் தொழிற்சாலைகளிற் செய்த போலிக் கருவிகளின் வழியாகவே வந்தது. ‘டீவி கேம்’ என்றே அதனை அழைத்தோம். டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் லயத்தில் ஒரே வீட்டில் அக்கருவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவ்வீட்டு வாசலிற் செருப்புக்கள் குவிந்து கிடக்கும். அக்கசெற்றுக்களின் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உள்ளன என்று அச்சிட்டிருக்கும். உள்ளே நோக்கின், சில ஆட்டங்களே பல பெயர்களில் மீண்டும் மீண்டும் வரும். ஓரிடத்தில் ஆட்டம் நான்காம் உலகிலிருந்து தொடங்கும். பிறிதோரிடத்தில் உயிர்களின் எண்ணிக்கை மாறியிருக்கும். பாடபேதம், இடைச்செருகல் ஆகிய சொற்களைப் பல்கலைக்கழகத்திற் பயின்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை அக்கசெற்றுக்களே.

முதல் விளையாட்டான ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985 செப்டெம்பர் 13ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. ஷிகெரு மியமோட்டோ, தகாஷி தெஸூகா ஆகியோர் அதனை வடிவமைத்தனர். கோஜி கொண்டோ இசையமைத்தார். எட்டு உலகங்கள், உலகொன்றுக்கு நான்காக முப்பத்திரண்டு கட்டங்கள், இசை, உருவங்கள் அனைத்தும் 40 கிலோபைட்டுக்குள், அஃதாவது 40,960 பைட்டுக்குள் அடக்கப்பட்டன. இச்சிக்கனமே அதன் முதல் மறைபொருளுக்குக் காரணம். வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவம். நிறம் மட்டுமே வேறு. மேகம் வெண்மை, புதர் பசுமை. பல்லாண்டு ஆடியவரும் இதனைக் காண்பதில்லை. கண்டபின்னர் காணாதிருத்தலும் இயலாது. கட்டளைக்கலித்துறையில் எழுத்தெண்ணிப் பாடிய புலவனுக்கு யாப்பு எவ்வாறோ, அவ்வாறே இவ்வடிவமைப்பாளருக்கு நினைவகத்தின் எல்லை அமைந்தது. இஃது ஒளித்துவைத்த நுட்பமன்று. வறுமையிற் பிறந்த செம்மை.

அடுத்து நோக்கத்தக்கது பிழையிற் பிறந்த உலகம். முதல் உலகின் இரண்டாம் கட்டத்தின் இறுதியில், சுவரையொட்டிய குழாயின்மேல் நின்று, குறிப்பிட்ட ஒரு முறையிற் பின்னோக்கித் தாவினால் மாரியோ சுவருக்குள் நுழைந்து அப்பால் வழுக்கிச் செல்வான். அங்கே வேறு உலகங்களுக்குச் செல்லும் மூன்று குழாய்கள் உள. முறைப்படி வருபவனுக்கு அவை 4, 3, 2 ஆம் உலகங்களின் வாயில்கள். சுவரூடே வந்தவனுக்கோ அவ்வறிவிப்புத் திரையில் தோன்றுமுன்னரே குழாய் கிட்டிவிடுகின்றது. இடப்புறக் குழாயினுள் இறங்கினால் ‘உலகம் -1’ என்று திரை காட்டும். ஆங்கில வழக்கில் இதனை ‘மைனஸ் உலகம்’ என்பர். அது நீருக்கடியிலான ஒரு கட்டம். இறுதிவரை நீந்திக் குழாயினுட் புகுந்தால் மீண்டும் அதன் தொடக்கத்திலேயே மாரியோ நிற்பான். முடிவு என்பது அங்கில்லை. எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் அதனை முதன்முதலிற் காட்டியபோது, “இதுக்குள்ள போனா வெளிய வர முடியாது தம்பி, மணி முடிஞ்சாத்தான் விடும்” என்றார். உயிர்கள் அனைத்தும் போவதொன்றே அவ்வுலகிலிருந்து விடுதலை.

இதன் காரணத்தை ஆராய்ந்தோர் கண்ட உண்மை கற்பனையினும் சுவையானது. அவ்வுலகு உண்மையில் 36ஆம் உலகு. அவ்விளையாட்டில் 36 என்பது திரையில் ஒன்றும் எழுதாத வெற்றிடத்தின் குறியெண். நான்காம் உலகில் ஐந்தாம் உலகுக்குச் செல்லும் ஒரே குழாயுள்ள இடம் ஒன்றுண்டு. அதன் இருமருங்கும் எண் எதுவும் தோன்றலாகாது என்பதற்காக, 36, 5, 36 எனப் பட்டியலிட்டு வைத்தனர். அறிவிப்புத் தோன்றுமுன் நுழைபவனுக்குப் பொறி இந்தப் பட்டியலையே எடுத்து வாசிக்கின்றது. திரைக்கு வெற்றிடமாக இட்ட குறியைப் பொறி ஓர் உலகின் எண்ணாகக் கொண்டுவிடுகின்றது. ‘-1’ என்பது எதிர்மறை எண் அன்று. வெற்றிடமும் ஒரு கோடும் முதற்கட்டமும் என்பதே அதன் பொருள். 1986இல் வெளிவந்த வட்டுப் பதிப்பில் இதே வழி மூன்று கட்டங்களாக விரிந்து, முடிவுக்கும் வருகின்றது. ஆக, பதிப்புக்குப் பதிப்புப் பிழையும் வேறுபடுகின்றது. 2015இல் மியமோட்டோ இது பிழையே என ஒப்புக்கொண்டு, ஆட்டத்தை முறிக்காத பிழையாதலின் ஒருவகையிற் சிறப்பம்சமும் ஆகும் என்னும் கருத்துப்படக் கூறினார். காமன் கதைபற்றிய லாவணி மரபில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு சாரார் வாதிடுவர். இங்கே படைத்தவரே இரு கட்சியிலும் அமர்ந்துவிட்டார்.

பிழையினின்று கருதிச் செய்த மறைவினை வேறுபடுத்தல் அவசியம். 1988இல் வந்த மூன்றாம் விளையாட்டு இதற்குத் தக்க சான்று. அது திரைச்சீலை உயர்வதோடு தொடங்குகின்றது. கட்டைகள் பின்னணியில் ஆணிகொண்டு இறுக்கப்பட்டுள்ளன. அவற்றின் நிழல் வானத்தின்மீதே விழுகின்றது. சில தளங்கள் மேலிருந்து தொங்குகின்றன. கட்டத்தின் இறுதியில் மாரியோ இருண்ட பக்கமொன்றினுட் சென்று மறைகின்றான். அது மேடையின் ஓரமே. ஒரு கட்டத்தில் வெள்ளைக் கட்டையின்மேல் சில விநாடி குந்தியிருந்தால் அவன் காட்சித் திரைக்குப் பின்னால் விழுந்து, அங்கே மறைந்து நடப்பான். ஆட்டம் முழுவதும் ஒரு நாடகம் என்பதை அவ்விளையாட்டு ஓரிடத்திலும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 2015இலேயே மியமோட்டோ அதனை உறுதிப்படுத்தினார். மாசி மாதத்தில் தோட்டத்திற் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதிதன்று. நேற்றுக் கொழுந்து மடுவத்தில் நின்றவரே இன்று இரதியாக வருகிறார் என்பதை அறிந்துகொண்டே அழுகின்ற பார்வையாளர் நாம்.

எனினும், மறைபொருள் தேடும் வேட்கைக்கு எல்லையும் உண்டு. 1996இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ 64’இன் கோட்டை முற்றத்துச் சிலையொன்றில் தெளிவற்ற எழுத்துக்கள் உள்ளன. அவற்றை மாரியோவின் தம்பியான லுயீஜி உள்ளான் என்று பொருள்தரும் வாசகமாகவும் 2401 என்னும் எண்ணாகவும் வாசித்து, அவனைத் தேடிப் பல்லாயிரவர் ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். ஆட்டத்தில் அவன் இல்லை. 2020இல் நிறுவனத்தின் உட்கோப்புக்கள் வெளியே கசிந்தபோது, லுயீஜிக்கென வரைந்து பின்னர் கைவிட்ட பகுதிகள் அவற்றிற் காணப்பட்டன. தேடியவர் வென்றதாகக் கொண்டாடினர். ஆயின், அவனை அமைக்க ஒருகால் எண்ணியிருந்தனர் என்பதற்கு இது சான்றேயன்றி, அச்சிலையின் எழுத்துக்கு இதுவே பொருள் என்பதற்குச் சான்றாகாது. விடை சரியாக அமைந்தமையால் வழியும் சரியென்று கொள்வது ஆய்வாகாது. நம் இலக்கிய ஆய்விலும் இத்தகைய லுயீஜிகள் பலர் உலவுகின்றனர்.

மூன்றாவதாக ஒரு வகை மறைவு உண்டு. அது பிழையுமன்று, விளையாட்டுமன்று. அமெரிக்க நிறுவனமான அட்டாரி தன் விளையாட்டுக்களை ஆக்கியோரின் பெயரை வெளியிடாத கொள்கை உடையதாயிருந்தது. அங்குப் பணியாற்றிய வாரன் ராபினெட், 1980இல் வெளிவந்த ‘அட்வெஞ்சர்’ விளையாட்டில் எவருக்கும் சொல்லாமல் ஓர் அறையை ஒளித்து வைத்தார். பின்னணியின் நிறத்திலேயே அமைந்த, ஒரு புள்ளியளவான பொருளை எடுத்துச் சென்றால்தான் அவ்வறை திறக்கும். உள்ளே இருந்தது புதையலன்று. இதனைப் படைத்தவர் இன்னார் என்னும் ஒரே வரி. அவர் பணியை விட்டு விலகியபின் ஒரு சிறுவன் அதனைக் கண்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். அதன் பின்னரே இத்தகைய மறைவுகளுக்கு ‘ஈஸ்டர் முட்டை’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. அதே நிறுவனத்திலிருந்து பெயருக்கும் உரிய பங்குக்குமாக வெளியேறிய நால்வர் 1979இல் அக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்குவதிற் பங்குகொண்டனர். 1977இல் வந்த ‘ஸ்டார்ஷிப் 1’ என்னும் ஆட்டத்தில் ஒளிந்திருந்த ஆக்குநரின் பெயரோ 2017இலேயே வெளிப்பட்டது. நாற்பதாண்டு அது காத்திருந்தது. உலகமே ஆடிய முதல் மாரியோவிலும் ஆக்கியோர் பெயர்ப் பட்டியல் இல்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

பெயர் என்னும் சொல் மலையகத்தில் வேறொரு பொருளும் தரும். இங்கே ஒரு நாள் உழைப்பு ஒரு ‘பேர்’. கொழுந்தின் நிறை குறைந்தால் செக்ரோலில் விழுவது ‘அரைப் பேர்’. எத்தனை பேர் போட்டிருக்கிறது என்பதே மாத இறுதியில் ஒரு வீட்டின் அடுப்பைத் தீர்மானிப்பது. இவ்வளவு பேர் போட்ட கைகளின் பெயரொன்றும் தேயிலைப் பெட்டியின்மேல் ஏறியதில்லை. தோட்டத்தின் பெயர் ஏறியது, நிறுவனத்தின் பெயர் ஏறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாட்டின் பதிவேட்டிலும் வெற்றிடமாக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. பொறியோ வெற்றிடத்துக்கும் ஓர் உலகைக் கொடுத்தது. பதிவேடு எழுதியோர், உலகு நிறைய வாழ்ந்தவரை வெற்றிடமாக வாசித்தனர். முன்னது எவருக்கும் தீங்கிழையாத பிழை. பின்னதைப் பிழை என்று சொல்லவும் இயலாது. அது கருதிச் செய்தது.

இத்துறையில் ஆடுவோர் காட்டிய உழைப்பிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடமும் இதுவே. பதிப்புக்களை ஒப்புநோக்கி, ஒவ்வொரு பிழைக்கும் காரணம் கண்டு, ஆக்கியோர் பெயரைத் தேடியெடுத்து, ஒரு விளையாட்டின் ஒவ்வொரு பைட்டினையும் அவர்கள் விளக்கியுள்ளனர். அச்செயலுக்கு எப்பல்கலைக்கழகமும் அவர்களைப் பணிக்கவில்லை. நம் தோட்டங்களில் காமன் கூத்துப் பாடல்கள் அப்பியாசக் கொப்பிகளிற் கைமாறிக் கைமாறி எழுதப்படுகின்றன. தோட்டத்துக்குத் தோட்டம் அடிகள் மாறுகின்றன. ஓரிடத்து விடுபட்ட வரி பிறிதோரிடத்து உள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்து வழிகாட்டினர். பாடியோர் பெயரோ பெரும்பாலும் நம்மிடம் இல்லை. அக்கொப்பிகளை வைத்திருக்கும் மாஸ்டர்மார் முதுமையடைந்து வருகின்றனர். லயத்துக் கூரை ஒழுகும்போது முதலில் நனைவதும் அக்கொப்பிகளே.

வரும் மாசிக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்துக் கொப்பியொன்றைப் பிரதிசெய்து வருவாராயின் நன்று. பிழைகளைத் திருத்தவேண்டா; இருந்தவாறே எழுதுக. பாடியவர் பெயரை மட்டும் மறவாது கேட்டு, முதற்பக்கத்தில் முழுதாக எழுதுக.