வேட்டையோடு முடியாத கதை

அறிவியலைக் கதையாகச் சொன்ன நூல்களில் ஏறத்தாழ நூறாண்டு ஆன பின்னும் வாசகரை இழக்காதவை மிகச் சில. 1926-இல் அமெரிக்கர் பால் டி கிரைஃப் எழுதிய ‘மைக்ரோப் ஹன்டர்ஸ்’, அதாவது ‘நுண்ணுயிர் வேட்டையர்’ என்னும் நூல் அவற்றுள் ஒன்று. லீவன்ஹூக் தொடங்கி எர்லிக் வரை பன்னிரண்டு அத்தியாயங்கள். கல்லூரி நூலகங்களில் இன்றும் கிடைக்கும் இந்நூலை மாணவப் பருவத்தில் ஒரே மூச்சில் படித்தேன்; பின்னர் என் மாணவர் பலருக்கும் படிக்கக் கொடுத்திருக்கிறேன். அண்மையில் அவர்களில் ஒருவர் நூலைத் திருப்பிக் கொடுக்கும்போது, “கிருமியையும் கண்டுபிடித்துவிட்டார்கள், கொசுவையும் கண்டுபிடித்துவிட்டார்கள். பின் ஏன் சார் இன்னும் மலேரியா இருக்கிறது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு நூலை மறுபடியும் படித்தேன். அதன் பலன்தான் இக்கட்டுரை.

முதலில் நிறைவைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் தாமே நுண்ணுயிரியல் பயின்றவர். சோதனைச் சாலையின் சலிப்பும் தவறுகளும் அவருக்குத் தெரியும். மாட்டு நோயாகிய டெக்சாஸ் காய்ச்சல் பற்றிய அத்தியாயத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் தென்பகுதி மாடுகளை வடக்கே ஓட்டிச் சென்றால் அவை நலமாகவே இருக்கும். ஆனால் அவை நின்ற நிலத்தில் மேய்ந்த வடபகுதி மாடுகள் சில வாரங்களில் மடியும். உண்ணிதான் காரணம் என்று மாடு வளர்ப்போர் சொல்லிவந்தனர். படித்தவர்கள் அதை நம்பவில்லை. தியோபால்டு ஸ்மித் அச்சொல்லைச் சோதித்துப் பார்க்க முனைந்தார். 1889-இல் தொடங்கி, உண்ணியுள்ள மாடுகளை ஒரு நிலத்திலும், உண்ணிகளைக் கையால் பொறுக்கி நீக்கிய மாடுகளை வேறொரு நிலத்திலும் வடபகுதி மாடுகளோடு மேயவிட்டார். முதல் நிலத்தில் மட்டுமே நோய் வந்தது. ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதிப்பது எப்படி என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

குறை, நூலின் பெயரிலேயே தொடங்குகிறது. விலங்கு விழுந்ததும் வேட்டை முடிந்துவிடும். நோயாராய்ச்சி அப்படி முடிவதில்லை. ஸ்மித்தும் கில்போர்னும் தம் முடிவை 1893-இல் வெளியிட்டனர். உண்ணியை ஒழிக்கும் அரசுத் திட்டம் 1906-இல்தான் தொடங்கியது. மருந்து கலந்த தொட்டிகளில் மாடுகளைத் திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றி, நாட்டின் பெரும்பகுதியிலிருந்து அந்த உண்ணியை அகற்ற 1943 ஆகிவிட்டது. மெக்சிகோ எல்லையில் இன்றும் காவல் தொடர்கிறது. கண்டுபிடிப்புக்குச் சில ஆண்டுகள். பயனுக்கு ஐம்பது ஆண்டுகள்!

மலேரியா அத்தியாயத்தில் இக்குறை இன்னும் பெரிது. 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், அனாபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதற்கு முன் அக்கொசுக்களுக்குத் தம் உடலைக் கடிக்கக் கொடுத்தவர் ஹுசேன் கான் என்ற நோயாளி. கூலி, கடிக்கு ஓர் அணா. மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவைக் கொண்டு, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து மீண்டும் பறவைக்குச் செல்லும் முழுச் சுற்றையும் ராஸ் நிறுவினார். மனித நோயின் வழியைக் காட்டியவை சிட்டுக்குருவிகள். ஆனால் டி கிரைஃப் ராசுக்கும் இத்தாலியரான கிராசிக்கும் நடந்த முதன்மைச் சண்டையிலேயே பெரிதும் மனம் வைக்கிறார். தம்மைச் சித்திரித்த விதம் பொறாத ராஸ் வழக்குத் தொடர்வதாக எச்சரித்ததால், பிரிட்டிஷ் பதிப்பில் அப்பகுதியே விடப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க மக்களைக் குறிக்கும் இடங்களில் ஆசிரியரின் ஏளனத் தொனி இன்றைய வாசகரை உறுத்தும்.

நூல் சொல்லாமல் விட்டதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ராசின் பெரும்பணி கொசுவைக் கண்டதோடு நிற்கவில்லை. 1908-இல் மொரீஷியஸ் தீவைப் பற்றிய அறிக்கையிலும், 1911-இல் வந்த தம் நூற்பதிப்பிலும், மலேரியாவை ஒழிக்க எல்லாக் கொசுக்களையும் கொல்ல வேண்டியதில்லை. அவற்றின் அடர்த்தியை ஒரு வரம்புக்குக் கீழே கொண்டுவந்தால் போதும் என்று கணிதத்தால் காட்டினார். 1950-களில் ஜார்ஜ் மெக்டொனால்டு இக்கணக்கைச் செம்மைப்படுத்தினார்.

இயற்பியல் மாணவருக்கு இது பழகிய கணக்கு. யுரேனியத்தின் தொடர்வினையை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு நோயாளிகளிடமிருந்து அடுத்த சுற்றில் 110 பேருக்கு நோய் பரவினால், பத்தாம் சுற்றில் ஏறத்தாழ 259 பேர் நோயுறுவர். அதே நூறு பேரிடமிருந்து 90 பேருக்கு மட்டும் பரவினால், பத்தாம் சுற்றில் 35 பேர்தான். சிறு வேறுபாடு ஒன்று நோயைப் பெருக்கவும் செய்யும், அணைக்கவும் செய்யும். ஆகவே, வரம்புக்குக் கீழே இறக்கியதை அங்கேயே பிடித்து வைப்பதும் பணியின் பாதியாகிறது.

நம் நாட்டில் நடந்தது இதற்குச் சான்று. 1947-இல் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றனர், எட்டு லட்சம் பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. டி.டி.டி. தெளிப்பாலும் வீடுதோறும் நடந்த கண்காணிப்பாலும் 1965-இல் நோயாளிகள் தொகை ஏறத்தாழ ஒரு லட்சமாக இறங்கியது. வென்றுவிட்டோம் என்ற எண்ணம் பரவியது, கண்காணிப்புத் தளர்ந்தது, கொசுக்களும் டி.டி.டி.யை எதிர்க்கத் தொடங்கின. 1976-இல் தொகை 64 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒட்டுண்ணியைப் பற்றிய நம் அறிவு இடைப்பட்ட ஆண்டுகளில் குறைந்துவிடவில்லை. குறைந்தது, வீடு வீடாகச் சென்று இரத்தத் துளி எடுத்தவர்களின், அதைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி எண்ணியவர்களின் பணிக்கு நாம் தந்த மதிப்பு. என் மாணவரின் கேள்விக்கு விடையும் இதுதான்.

எனவே, இந்நூலைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கட்டாயம் படியுங்கள், அறிவியலில் ஆர்வமூட்ட இதற்கு இணையான நூல்கள் குறைவு. ஆனால் ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும், ‘இதற்குப் பின் அந்நோய் குறைய எத்தனை ஆண்டுகள் ஆயின? யார் உழைத்தார்கள்? இன்று அது எங்கே இருக்கிறது?’ என்று ஒரு தாளில் எழுதி, விடை தேடுங்கள். அவ்விடைகளையும் சேர்த்து ஒருவர் தமிழில் எழுதினால், என் மாணவருக்கு முதலில் கொடுக்க வேண்டிய நூல் அதுவே.