யார் எழுதியபடி, எது நிறைவேறிற்று?

சேரிச் சபைகளில் வளர்ந்த நமக்கு ‘நிறைவேறிற்று’ என்பது பழகிப்போன சொல். எழுப்புதல் கூட்டத்துக்கு வருகிற பிரசங்கியார் விரலை மடக்கி மடக்கி எண்ணுவார். மீகா பெத்லகேம் என்றார், அங்கேதான் பிறந்தார். சகரியா கழுதை என்றார், கழுதையில்தான் வந்தார். முப்பது வெள்ளிக்காசு, சீட்டுப் போட்ட அங்கி, எல்லாம் எப்படிப் பொருந்துது பாருங்க, முந்நூறுக்கு மேல இருக்கு என்பார். சனங்க அல்லேலூயா சொல்லும். வேதம் பொய்யில்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி, இதை ஒத்துக்கொள்வதே விசுவாசம் என்று கூட்டம் முடியும்.

இந்தக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. விவிலியத்தின் மேல் மரியாதை இல்லாததால் அல்ல, அதை ஒரு பிரதியாக ஊன்றிப் படித்ததால். பைசல் ஆகிப்போன கடன் பத்திரம் போல தீர்க்கதரிசனத்தை ஆட்டிக் காட்டுகிறவர்கள், தீர்க்கதரிசி எதற்காகக் கத்தினான் என்பதை மறைத்துவிடுகிறார்கள். பெத்லகேமைச் சொன்ன அதே மீகா, அதற்கு மூன்று அதிகாரம் முன்னால், ராத்திரி படுக்கையில் திட்டம் போட்டு விடிந்ததும் அடுத்தவன் வயலைப் பிடுங்குகிறவனைச் சபிக்கிறான். ஐந்தாம் அதிகாரத்தை ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் கேட்டிருக்கிறேன். இரண்டாம் அதிகாரத்தை எந்தப் பீடத்திலிருந்தும் இதுவரை கேட்டதில்லை.

நிறைவேறுதல் பற்றி அதிகம் பேசுகிறவர் மத்தேயு. குழந்தை இயேசு எகிப்திலிருந்து திரும்பியதை ஓசியாவின் வாக்கு நிறைவேறியதாக எழுதுகிறார். ஓசியாவைத் திறந்து பார்த்தால் அது வருங்காலம் பற்றிய வாக்கே இல்லை. அடிமைப்பட்ட ஒரு சனத்தை எகிப்திலிருந்து மீட்ட பழைய கதையை ஓசியா நினைவுபடுத்துகிறார், அவ்வளவுதான். அப்படியானால் மத்தேயு செய்வது சோசியக் கணக்கு அல்ல. அந்தப் பழைய விடுதலை இந்த ஏழைக் குழந்தையின் உடம்பில் மறுபடி நடக்கிறது என்கிறார். (சில இடத்தில் அவருக்கும் சறுக்குகிறது. நம்ம ஒப்பாரியில் ஒரே சங்கதியை இரண்டு வரியில் மாற்றி மாற்றிச் சொல்வதில்லையா, எபிரேயக் கவிதையும் அதைத்தான் செய்யும். சகரியா ஒரு கழுதையை அப்படி இரண்டு தரம் சொல்ல, மத்தேயு தாய்க்கழுதை ஒன்று, குட்டி ஒன்று என்று இரண்டைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மாற்குவிடமும் லூக்காவிடமும் குட்டி மட்டும்தான்.)

ஆனால் ஒரு இடத்தில் மத்தேயு மிகக் கவனமாக இருக்கிறார். வழக்கமாக அவர் எழுதும் வாய்பாடு ‘நிறைவேறும்படி’ என்பது. இந்தப் ‘படி’யில் நோக்கம் இருக்கிறது: கடவுள் நினைத்தார், நடந்தது. ஏரோது பெத்லகேம் குழந்தைகளை வெட்டிக் கொன்றதைச் சொல்லும்போது அந்தப் ‘படி’ காணாமல் போகிறது. அங்கே ‘அப்பொழுது நிறைவேறிற்று’ என்றுதான் எழுதுகிறார். கிரேக்க மூலத்திலும் இந்த வித்தியாசம் உண்டு, நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அதை விடாமல் காப்பாற்றியிருக்கிறது. இன்னொரு இடம், யூதாசின் ரத்தக்காசில் அந்நியரைப் புதைக்க நிலம் வாங்கியது. அங்கேயும் ‘அப்பொழுது’தான். கொலையைக் கடவுளின் திட்டக் கணக்கில் எழுத மத்தேயுவுக்குக் கை வரவில்லை என்றே இதை வாசிக்கிறேன்.

மத்தேயு எழுத மறுத்த ‘படி’யை நம் பிரசங்கிகள் தாராளமாக எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஊர்க்காரர்கள் அடித்ததில் செத்துப்போன ஒரு பையனின் அடக்க ஆராதனையில், எல்லாம் எழுதியிருக்கிறபடிதான் நடக்கும் என்றார் போதகர். ஏசாயா 53-ஐத் திறந்து, அடிக்கப்பட்டும் வாய் திறவாத ஆட்டைக் காட்டினார். “அத எழுதுனவன் யாருய்யா?” என்று பையனின் அம்மா கேட்டார். போதகர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

அந்த ஏசாயா 53-ஐ தலித் இறையியலின் முன்னோடி அரவிந்த் பி. நிர்மல் வேறுவிதமாக வாசித்தார். பாடுபடும் ஊழியன் தலித் கடவுள் என்றார். கடவுளையே சேரிக்குக் கொண்டுவந்த பெரிய காரியம் அது. இருந்தாலும் பாடுபடுவதே நம் அடையாளம் என்று அது முடிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. குழந்தைக் கொலைக்கு மத்தேயு எடுத்துக்கொண்டது ஆட்டை அல்ல, எரேமியாவின் ராகேலை. அவள் வாய் விட்டு அழுகிறாள். ஆறுதல் சொல்ல வருகிறவர்களை ஏற்க மாட்டேன் என்கிறாள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் இரவும் வெண்மணி இரவுதான். அன்றைக்கு நம் சபைகளில் பெத்லகேம் உண்டு, மேய்ப்பர் உண்டு, நட்சத்திரம் உண்டு. ராகேலைக் காணோம்.

நிறைவேறுதலை இயேசுவே தன் வாயால் சொல்லுமிடம் லூக்கா நான்காம் அதிகாரம். நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயா 61-ஐ வாசித்துவிட்டு, இது இன்று நிறைவேறிற்று என்கிறார். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி, இடிந்த ஊரில் நின்ற சனத்திடம் சொன்ன வார்த்தை அது. அதில் வரும் ‘விடுதலை’ லேவியராகமம் 25-இல் யூபிலி ஆண்டுக்குச் சொன்ன அதே எபிரேயச் சொல். தமிழிலும் இரண்டிடத்திலும் விடுதலைதான். யூபிலி என்றால் என்ன? அடிமை வீடு திரும்புவான், கைமாறிப்போன நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பும். ஆத்தும விடுதலை என்று சுருக்கிவிட அதில் இடமில்லை.

கேட்டவர்கள் முதலில் மெச்சுகிறார்கள். உடனே, இவன் யோசேப்பு மவன்தானே என்ற கேள்வி வருகிறது. யாரு மவன், எந்தத் தெரு என்ற விசாரணை நமக்குப் புதுசு இல்லை. எலியா போனது சீதோன் நாட்டு விதவையிடம், எலிசா குணமாக்கியது சீரியாக்காரன் நாகமானை என்று இயேசு சொன்னதும் ஊரே எழுந்து அவரை மலைமுகட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. விடுதலை என்ற சொல்லுக்கு யாரும் கோபப்படவில்லை. அது யாருக்கு என்று சொன்னபோதுதான் கோபம். கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கில், மூன்றாண்டுச் சுழற்சியில் லூக்காவை வாசிக்கும் ஆண்டில், இந்தப் பகுதியை இரண்டு ஞாயிறுகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் ஞாயிறு ‘இன்று நிறைவேறிற்று’ என்பதோடு நிற்கும். மலைமுகடு அடுத்த வாரம்.

நம்ம பக்கத்தில் இந்த யூபிலிக்குப் பெயர் பஞ்சமி நிலம். செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ நம் சனங்களுக்கு நிலம் கேட்டு வாதாடினார். கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதினார். 1892-இல் அரசாணை வந்தது. (ஏசாயாவின் கடைசி அதிகாரங்கள் திரும்பி வந்தவர்களின் காலத்தவை என்று ஜெர்மானிய அறிஞர் டூம் புத்தகம் போட்டதும் அதே 1892-இல்தான்.) ஒடுக்கப்பட்டவர் அல்லாதாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம், சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பெரும்பகுதி இன்று யார் கையில் என்பது ஊருக்கே தெரியும். காரணையில் அதை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அந்தச் சாவையும் ‘படி’ போட்டு எழுத நான் தயாராக இல்லை.

எங்கள் சபைப் பெண்கள் போன வருசம் பஞ்சமி நில மனுவோடு தாலுக்கா ஆபீசுக்குப் போனார்கள். கிளம்பும் முன் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து லூக்கா நான்கை வாசித்தார்கள், மலைமுகடு வரைக்கும் ஒரே மூச்சில். போதகர் வரவில்லை. மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.