வறட்சியும் திணையும்: வேங்கட நாட்டை முன்வைத்து

வறண்ட ஊரைப் பாடுபொருளாகக் கொண்ட எப்படைப்பையும் ‘பாலை’ என வகைப்படுத்திவிடும் போக்கு தமிழ்த் திறனாய்வில் வழக்காகிவிட்டது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் காடுகாண் காதையின் கூற்று இதற்கு அரணாகக் காட்டப்பெறும். அஃது நிலத்தைப் பற்றிய விளக்கம். பாலைக்கு உரையாசிரியர்கள் வகுத்த உரிப்பொருளோ பிரிதல். மழை பொய்த்த ஊரில் எஞ்சியிருப்போரின் வாழ்வு பிரிதலாகுமா என்பதே வினா.

அகநானூற்றில் மாமூலனார் பாடல்களில் பொருள்தேடும் தலைவன் வேங்கடம் கடந்து மொழிபெயர் தேயம் செல்கிறான். அவனுக்கு அது கடந்துபோகும் வழி. அங்கேயே குடியிருப்போர் புல்லியின் நாட்டினராகச் சில அடிகளில் தோன்றி மறைவர்.

2022-இல் பிரிக்கப்பெறுவதற்கு முன்பிருந்த சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி மானாவாரி நிலக்கடலையை நம்பியது. ஏரிகள் வற்றின, ஆழ்துளைக் கிணறுகள் கடனாயின, இளைஞர் பெங்களூருக்குப் போயினர். பிரிந்தவர் அவர்கள். தண்ணீர் லாரி வரும் இடத்தில் ஆளுக்குப் பதிலாகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குச் செல்லும் பெண்களை அவ்வூர்களில் கண்டிருக்கிறேன். அக்குடம் காட்டுவது இருத்தலை. அது முல்லையின் உரிப்பொருள்.

ஆனால் முல்லையில் கார் தவறுவதில்லை. குறுந்தொகை 66-இல் வம்ப மழையைக் காரென மயங்கிக் கொன்றை பூத்துவிட்டதாகத் தோழி கூறுகிறாள். உண்மையில் வந்தது கார்தான். தலைவனின் சொல்லைக் காக்க அவள் மரத்தைப் பேதையாக்குகிறாள். வறட்சியில் பொய்ப்பது காரே. எனவே பாலையின் நிலத்தில், காலத்தின் உறுதியை இழந்த முல்லை என இவ்வகைப் படைப்புகளைக் கொள்வதே பொருந்தும்.

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ (நாடகம் 1980, பாலசந்தரின் திரைப்படம் 1981) அரசியல் நாடகமாகவே பேசப்பட்டது. தேர்தல் புறக்கணிப்பும், ஊரார் வெட்ட முனைந்த கால்வாய் தடுக்கப்படுவதும் அவ்வாசிப்புக்கு இடந்தருவன. எனினும் வெள்ளைச்சாமி மாட்டுவண்டியில் நீர் கொணரும் பகுதியே என் கருத்தில் நாடகத்தின் உயிர். கார் செய்ய வேண்டியதை ஒரு வண்டி செய்கிறது. அத்திப்பட்டி அதன் வரவுக்கு இருக்கிறது. இங்குச் சொல் தவறுவது அரசு. அதற்காகப் பரிந்து பேசத் தோழி எவரும் இல்லை. காத்திருப்பின் அன்றாடத்தில் கோமல் நெடுநேரம் நிற்கவில்லை என்பது ஒரு குறையே. நாடகத்திற்கு நிகழ்ச்சி வேண்டும்.

அவ்வன்றாடத்தைத் தேடுவோர் நாமினி சுப்பிரமணியம் நாயுடுவிடம் செல்ல வேண்டும். திருப்பதிக்கு அண்மையிலுள்ள மிட்டூரின் உழவர் வாழ்வைச் சித்தூர் வட்டாரத் தெலுங்கிலேயே எழுதியவர் அவர். கரிசல் எழுத்தோடு அக்கதைகளை ஒப்புநோக்கும் பணிக்கு, இரு மொழியும் அறிந்த மாணவர் பயிலும் திருப்பதி, குப்பம் பல்கலைக்கழகங்களைவிடத் தக்க இடமில்லை.