'குடும்பத் தகராறு' – ஒரு வாசிப்பு

கவிதையையும் கதையையும் கட்டுடைத்துப் பார்க்கிற நம் விமர்சகர்கள் காவல் நிலையத்து மனு ரசீதை வாசித்ததில்லை. எங்கள் தெருப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கப் போய் நான் நிறைய வாசித்துவிட்டேன். அதில் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மேல்சாதிக்காரனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு போன தங்கச்சி ஒருத்தி. திரும்பி வந்து சொன்னாள்: "அடிச்சதுகூடப் பரவாயில்லண்ணே. ஒவ்வொரு அடிக்கும் சாதியச் சொல்லிச் சொல்லி அடிச்சாரு. எனக்குன்னு தட்டு, தம்ளரு தனியா வச்சாங்க." அப்படியே மனுவில் எழுதினேன். மகளிர் காவல் நிலைய ரைட்டர் படித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்குங்க, புருசன் பொண்டாட்டி விவகாரம்" என்றார். பதிவேட்டில் ஏறியது 'குடும்பத் தகராறு'. இரண்டு வாரம் கழித்து, 'இரு தரப்பும் சமாதானமாகப் போவதால் மனு முடிக்கப்பட்டது'.

வாக்கியத்தைப் பாருங்கள். தகராறு என்றால் ரெண்டு பேரும் கை ஓங்கியிருக்க வேண்டும். ஓங்கியது ஒரு கைதான். 'முடிக்கப்பட்டது' என்றால் முடித்தது யார்? அடித்தவனும் இல்லை, முடித்தவரும் இல்லை, சாதி அறவே இல்லை.

இது மொழிப் பிழையல்ல, வழக்கின் பிரிவையே மாற்றுகிற வேலை. கைது செய்யத்தக்க குற்றமென்றால் எப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் திருமணத் தகராறுகளில் முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்று ஒரு சந்து விட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 18ஏ பிரிவுப்படி எப்.ஐ.ஆர். போட அந்த விசாரணையே தேவையில்லை. ஆக, 'குடும்பம்' என்று ஒரு சொல்லை எழுதினால் போதும், அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

"வீட்டுக்குள்ள திட்டுனது செல்லாது" என்பார்கள். நான்கு சுவருக்குள், வெளியார் இல்லாதபோது சொன்ன வசவு பொதுப் பார்வையில் சொன்னதாகாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் தீர்ப்பு வந்தது உண்மைதான். அது வசவுக்கு. தலித் என்று தெரிந்தே காயப்படுத்துவதற்கு 3(2)(வி.ஏ.) பிரிவு 2016 முதல் இருக்கிறது. அதில் பொதுப் பார்வை என்ற நிபந்தனை கிடையாது.

2005ஆம் வருசத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் நிரப்புகிற படிவம் ஒன்று உண்டு. வரதட்சணை கொண்டு வராததற்கு ஏசினால், ஆண் பிள்ளை இல்லையென்று ஏசினால் அதில் தனி வரி இருக்கிறது. சாதி சொல்லி ஏசியதற்குத் தனி வரி இல்லை. 'வேறு ஏதேனும்' என்பதில்தான் எழுத வேண்டும். நம் பாடு எப்போதும் 'வேறு ஏதேனும்'தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பட்டியல் சாதியினர் மீதான குற்றக் கணக்கில், குற்றவாளி வேறு சமூகத்தவரானால்தான் வழக்கு சேரும். தலித் கணவனிடம் தலித் பெண் வாங்குகிற அடி அந்தக் கணக்கில் வராது. நம் மேடைகளிலும் வருவதில்லை. ரைட்டரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது.

நாம் கேட்பது பெரிசில்லை. அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுது. எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டு. இரு தரப்புச் சாதியையும் குறி. முடித்தால், முடித்தவர் பெயரையும் காரணத்தையும் போடு.

ரசீதை வாங்கியவள் என்னிடம் கேட்டாள்: "நான் சொன்னது இதுல எங்கண்ணே இருக்கு?" அதே சொற்களோடு மனுவை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது.