எறும்புக்கு எதுகை

சிறு குழந்தைகளுக்கான பூச்சிப் படப் புத்தகங்கள் பெரும்பாலும் பாட்டாகவே வருகின்றன. அது வெறும் மரபல்ல, ஓசைக்கு உண்மையிலேயே பிடிமானம் உண்டு. கிர்ஸ்டன் ரீட் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கற்பனைப் பூதங்களின் புதுப்பெயர்கள் ஓசை ஒன்றும் அடியின் முடிவில், ஊகிக்கத்தக்க இடத்தில் வந்தபோது குழந்தைகளுக்கு நன்றாக நினைவில் நின்றன. படிப்பவர் கடைசிச் சொல்லுக்கு முன் சற்று நிறுத்தினால் குழந்தை முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிடுவது தெரிந்ததுதானே. ஓசை ஒன்றுகிற இடம் சுவரில் அடித்த ஆணி போன்றது. அதில் மாட்டியது எளிதில் விழாது. ஆகவே இந்தப் புத்தகங்களிடம் கேட்க வேண்டியது, அந்த ஆணியில் பூச்சியைப் பற்றி எதை மாட்டியிருக்கிறார்கள் என்பதையே.

பலவற்றில் மாட்டியிருப்பது பாராட்டுச் சொல், அல்லது மனிதச் சேட்டை. வண்டு தொப்பி போடுகிறது, தேனீ கடைக்குப் போகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு உயிரியல் பாடம் எதற்கு, மகிழ்ந்தால் போதாதா என்பார்கள். மகிழ்ச்சி வேண்டும்தான். ஆனால் பட்ரிசியா கனேயா குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, விலங்குகளை மனிதர்போல் காட்டும் புத்தகங்களிலிருந்து குழந்தைகள் உண்மைச் செய்திகளைக் குறைவாகவே கற்றார்கள் என்கிறது. அதற்காக மனிதச் சாயலே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த வகையின் முன்னோடியான வில்லியம் ரோஸ்கோவின் ஆங்கிலப் பாட்டு 1807-இல் நூலாக வந்தது. பட்டாம்பூச்சியின் நடனத்துக்கும் வெட்டுக்கிளியின் விருந்துக்கும் தோட்டத்துச் சிற்றுயிர்கள் எல்லாம் வருகின்றன. நடனமாட முன்வந்த நத்தை, கூட்டம் சிரித்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இருட்டத் தொடங்கியதும் மின்மினி விளக்கோடு வருகிறது. வேடிக்கை முழுவதும் அந்தந்த உயிர் செய்வதிலிருந்தே பிறக்கிறது. ரோஸ்கோ தாவரவியல் அறிந்தவர். இஞ்சிக் குடும்பத்துப் பேரினம் ஒன்றுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. உற்றுப் பார்க்கிற கண் பாட்டிலும் தெரிகிறது.

பூச்சிகளைப் பற்றி இந்தப் புத்தகங்களில் வரும் தவறுக்கு ஓசையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதும் நியாயமான மறுப்புத்தான். எரிக் கார்லின் பசிகொண்ட கம்பளிப்புழு (1969) உரைநடையில் அமைந்தது. ஆனாலும் அதில் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிகள் கட்டும் பட்டுக்கூட்டிலிருந்து வெளிவருகிறது. ஆனால் உரைநடைத் தவறு கவனக்குறைவாலோ விருப்பத்தாலோ வருவது. பாட்டில் வரும் தவறுக்கு ஒரு தள்ளுவிசை இருக்கிறது: ஓசை கேட்கும் சொல்லைத் தேடி எழுதுபவரின் கை தானாகப் போய்விடுகிறது.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு வேறு முகம். நம் வாக்கியம் வினையில் முடிகிறது. அதனால் அடியின் முடிவில் இயைபு கொள்வது மலிவான காரியம். பறக்குது, சிரிக்குது, இருக்குது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மிக வலுவான ஆணியில் தொங்குவது ஒரு விகுதி! பூச்சியின் பெயரோ அடியின் தொடக்கத்தில், எதுகை நிற்கும் இடத்தில் இருக்கிறது. எனவே தமிழில் எழுதுபவர் உழைக்க வேண்டிய இடம் எதுகை. அங்கேதான் சோம்பலும் தெரியும். எறும்பு என்றதும் குறும்பு, வண்டு என்றதும் குண்டு. நாள் முழுக்க இரை சுமக்கும் எறும்பு இரண்டாம் எழுத்து ஒத்துப்போன பாவத்துக்காகக் குறும்புக்காரன் ஆகிறது. போதாக்குறைக்கு ஆணாகவும் ஆகிறது, வேலைக்கார எறும்புகள் எல்லாம் பெண்களாயிருக்க. எறும்புக்குக் கரும்பைச் சேர்த்தால் இலக்கணம் ரகர றகரத்தைச் சொல்லித் தள்ளிவிடும், ஆனால் இனிப்பைத் தேடிப் போகும் செய்தி அதில் இருக்கிறது. குழந்தைப் பாட்டில் அந்தச் சலுகையைத் தரலாம் என்பேன். வண்டுக்குக் குறையே இல்லை: தண்டு இருக்கிறது. பொறிவண்டு செடியின் தண்டில் ஏறி அசுவினியைத் தின்கிறது. அதன் புழுவும் அதையே தின்கிறது. ஓசையும் உண்மையும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது குண்டு என்ற சொல்லை எடுப்பானேன்? எட்டுக்கால் பூச்சி என்று பெயரிலேயே கால்களை எண்ணி வைத்த மொழி இது.

அடுத்த முறை கடையில் இப்படி ஒரு புத்தகத்தைப் புரட்டினால், ஓசை ஒன்றும் சொற்களை மட்டும் தனியே படித்துப் பாருங்கள். எந்தப் பூச்சி என்று அவற்றிலிருந்து ஊகிக்கவே முடியாவிட்டால், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.