துணி சொல்லும் அரண்மனை

ஜாவாவின் அரண்மனை நடனத்தில் தேர்ச்சியை அளக்க முகத்தைப் பார்த்துப் பயனில்லை. முகம் சலனமற்றிருக்கும், பார்வை தரையை நோக்கித் தாழ்ந்தே இருக்கும். காலடியைத்தான் கவனிக்க வேண்டும். சுரகர்த்தா அரண்மனையின் பாணியில், இடுப்பில் சுற்றிய பாத்திக் துணியின் முனை இரு பாதங்களுக்கும் நடுவே தரையில் நீளமாகப் புரளும். அதற்குச் சம்பரன் என்று பெயர். ஆடுபவர் திரும்பும்போதெல்லாம் அதைக் காலால் பின்னுக்கு ஒதுக்கியாக வேண்டும். சில ஆட்டங்களில் மடிப்புக்குள் வைத்திருந்த ரோஜா இதழ்களும் அந்த வீச்சில் சிதறும். ஒதுக்கியது கண்ணில் படக் கூடாது. துணி தானே விலகியதுபோல் இருக்க வேண்டும். முழங்காலை மடக்கி நிற்பதும் அடியைச் சிறிதாக வைப்பதும் இந்த உடைக்குப் பொருந்தி வருகின்றன. கால் அகட்ட முடியாத உடையில் வேறெப்படி ஆடுவது?

1755இல் கியாந்தி உடன்படிக்கை மாதராம் அரசைச் சுரகர்த்தா, யோக்யகர்த்தா என இரண்டாக்கியது. பாணியும் பிரிந்தது. யோக்யகர்த்தாவில் கோடுகள் நேர், அசைவு உறுதி. பழைய மாதராம் மரபைக் காப்பது தாங்களே என்பது அவர்கள் பெருமை. சுரகர்த்தாவில் எல்லாம் வளைந்து, குழைந்து ஓடும். துணியிலும் இந்தப் பிரிவினை உண்டு: யோக்யகர்த்தா பாத்திக்கின் தளம் வெள்ளை, சுரகர்த்தாவினுடையது பழுப்பேறிய மஞ்சள். பாராங் என்னும் சாய்கோட்டுக் கோலத்தின் பெரிய வடிவங்கள் ஒருகாலத்தில் அரச குடும்பத்துக்கு மட்டுமே உரியவை. உடையைப் பார்த்தே அரண்மனையைச் சொல்லிவிடலாம்.

இந்த நடன மரபின் உச்சம், சுரகர்த்தா மன்னர் முடிசூடிய நாளில் ஆடப்படும் பெடாயா கெதவாங். ஒன்பது பெண்கள், ஒன்பது பேருக்கும் மணப்பெண் அலங்காரம், டோடோட் என்னும் மிகப்பெரிய துணி. தனித்திறமை காட்ட இதில் இடமே இல்லை. செரிம்பி என்னும் ஆட்டத்தில் நால்வர், இடையில் செருகிய கிரிஸ் கத்தியை உருவிப் போரிட்டாலும் வேகம் கூடுவதில்லை.

1918இல் யோக்யகர்த்தா இளவரசர்கள் தொடங்கிய கிரிடா பெக்சா விராமா என்னும் நடனச் சங்கம், அரண்மனைக்கு வெளியேயும் இந்த நடனப் பயிற்சியைக் கொண்டுவந்தது. சுரகர்த்தாவின் மங்குநெகாரன் அரண்மனை இளவரசி குஸ்தி நூருலும் யோக்யகர்த்தா பாணி பயின்றவர். 1937இல் நெதர்லாந்து இளவரசி யூலியானாவின் திருமண விழாவில் அவர் ஆடியபோது, கமெலான் இசை மங்குநெகாரனிலிருந்து வானொலி வழியே தி ஹேகுக்கு வந்தது.

1970களில் சுரகர்த்தாவின் கலைக்கழகம், கெண்டோன் ஹுமர்தானி தலைமையில், பழைய ஆட்டங்களைக் கால் மணி நேர அளவுக்குச் சுருக்கியது. துணி தரையில் படிந்து அடங்கும் அந்த நிதானம் இதில் குறைந்துபோனது என்பதே என் எண்ணம். ஆனால் சுருக்காமல் விட்டிருந்தால், அவற்றில் பல இன்று மேடை ஏறியிருக்குமா என்பதும் சந்தேகமே.